அந்த சுவிட்ச் எங்க கீது?

சனிக்கிழமை காலை பத்து மணிக்கு எங்கள் கம்பெனியின் ஆம்பூர் ஷூ யூனிட்டிலிருந்து போன் வந்தது. பேக்கிங் ஹாலில் லேபிள் பிரிண்டர் எதுவும் ஓடவில்லை. கேட்டில் இருக்கும் அட்டெண்டன்ஸ் மெஷின் சர்வரோடு பேசவில்லை. சாயங்காலம் சென்னைத் துறைமுகத்துக்குக் கண்டெய்னர் கிளம்பியாக வேண்டும். நான் வேலூர் சத்துவாச்சாரி ஆபீசில் இருந்தேன். ஆம்பூர் சுமார் 50 கிலோமீட்டர். பைக்கை எடுத்துக்கொண்டு ஹைவேயில் கிளம்பினேன்.

போய்ப் பார்த்தால் ரேக்கில் உள்ள எல்லா சுவிட்சிலும் (கம்ப்யூட்டர், பிரிண்டர் கேபிள்களை ஒன்றோடொன்று இணைக்கும் பெட்டிகள்) எல்லா விளக்கும் ஒன்றாகப் படபடவென்று மின்னிக்கொண்டிருந்தன. பார்த்ததுமே தெரிந்துவிட்டது, லூப். தகவல் சுற்றிச் சுற்றி வந்து நெட்வொர்க்கையே அடைத்துவிடுவது. எங்கேயோ ஒரு கேபிளின் இரண்டு முனையும் ஒரே சுவிட்சில் செருகப்பட்டிருக்கிறது. மெயின் சுவிட்சில் ஒவ்வொரு கேபிளாகப் பிடுங்கிக்கொண்டே வந்தேன். 11-வது கேபிளைப் பிடுங்கியதும் எல்லாம் அடங்கியது. சரி, அந்தக் கேபிள் எங்கே போகிறது? எங்கள் எக்செல் ஷீட்டில் அதற்கு நேராக 'பழைய ஸ்டோர்' என்று எழுதியிருந்தது. பழைய ஸ்டோரை இடித்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது.

யூனிட்டில் 25 வருஷமாக வேலை பார்க்கும் எலக்ட்ரீஷியன் அண்ணனைக் கூப்பிட்டேன். "அண்ணே, இந்த ஒயர் போற சுவிட்ச் எங்க இருக்கு?" என்றேன். அவர் கொஞ்ச நேரம் கூரையைப் பார்த்தார். "இங்கதான் எங்கனா கீதுபா. நான்தான் மாட்டினேன். ஸ்டோரை இடிச்சப்ப யாரோ எடுத்து வேற எடத்துல வெச்சுட்டாங்க" என்றார்.

இரண்டு பேருமாகத் தேடிக் கண்டுபிடித்தபோது மதியம் இரண்டு மணி. அடுக்கி வைத்திருந்த தோல் கட்டுகளுக்குப் பின்னால், சுவரில் ஓர் ஆணியில், கட்டுக்கம்பியில் தொங்கிக்கொண்டிருந்தது எட்டு போர்ட் (கேபிள் செருகும் ஓட்டை) உள்ள ஒரு சின்ன சுவிட்ச். மேலெல்லாம் தோல் தூசி. முந்தின நாள் அந்த இடத்தைக் கூட்டிய யாரோ, ஒரு கேபிள் சும்மா தொங்குகிறதே என்று நல்ல மனசோடு காலியாக இருந்த ஓட்டையில் செருகிவிட்டிருக்கிறார்கள். கண்டெய்னர் அன்று ராத்திரி பதினொன்றுக்குத்தான் கிளம்பியது.

எங்கள் கம்பெனிக்கு மூன்று இடங்கள். வேலூரில் ஹெட் ஆபீஸ், ராணிப்பேட்டையில் தோல் பதனிடும் யூனிட், ஆம்பூரில் ஷூ யூனிட். மூன்றுக்கும் நெட்வொர்க் ஆள் நான் ஒருவன்தான். இந்தப் பக்கம் பெரும்பாலான கம்பெனிகளில், ஸ்கூல்களில், சின்ன ஆஸ்பத்திரிகளில், சிஎம்சி சுற்றுவட்டார லாட்ஜ்களில் நிலைமை இதுதான். ஓர் ஆள், நூற்றுக்கணக்கான சாதனங்கள், எப்போதோ யாரோ போட்ட ஒரு பட்டியல். அதனால்தான் இதை விவரமாக எழுதுகிறேன்.

அன்று ராத்திரி திரும்பி வரும்போது ஒன்று முடிவு செய்தேன். எந்தச் சாதனம் எங்கே இருக்கிறது என்பதை இனி நெட்வொர்க்கிடமே கேட்டுத் தெரிந்துகொள்வது. அது தினமும் தானாக நடக்க வேண்டும்.

நெட்வொர்க்குக்கு இதெல்லாம் ஏற்கெனவே தெரியும். அது மூன்று இடத்தில் சிதறிக் கிடக்கிறது, அவ்வளவுதான். முதலாவது, ரவுட்டரிலோ மெயின் சுவிட்சிலோ உள்ள ஏஆர்பி டேபிள். எந்த ஐபி (நெட்வொர்க்கில் சாதனத்துக்குக் கொடுத்த முகவரி) எந்த மேக் முகவரியோடு (வழக்கமாகத் தயாரிப்பாளரே சாதனத்தில் பதித்து அனுப்பும் எண்) இருக்கிறது என்று அது சொல்லும். இரண்டாவது, ஒவ்வொரு சுவிட்சிலும் உள்ள மேக் டேபிள். அந்த மேக் எந்த போர்ட் வழியாக வருகிறது என்று அது சொல்லும். மூன்றாவது, எல்எல்டிபி. பக்கத்தில் இருக்கும் சுவிட்சுக்கு 'நான் இன்னார், இந்த போர்ட்டிலிருந்து பேசுகிறேன்' என்று 30 விநாடிக்கு ஒருமுறை சுவிட்சுகள் தங்களுக்குள் சொல்லிக்கொள்வது இதில்தான். நிறைய சுவிட்சுகளில் இதை நாம்தான் ஆன் செய்ய வேண்டும். எங்களிடம் பாதியில் ஆஃபாகத்தான் இருந்தது.

இந்த மூன்றையும் எஸ்என்எம்பி (நெட்வொர்க் சாதனங்களிடம் விவரம் கேட்கும் பொதுவான முறை) வழியாக எடுத்துச் சேர்க்க பைத்தானில் ஒரு சின்ன ஸ்கிரிப்ட் எழுதினேன். எக்செல் ஷீட்டில் 212 சாதனங்கள் இருந்தன. ஸ்கிரிப்ட் முதல் நாளே 347 காட்டியது. அதோடு ஷீட்டில் இருந்த 40 சாதனங்கள் நெட்வொர்க்கிலேயே இல்லை.

ஆனால் முதல் பட்டியல் குழப்பமாகத்தான் வந்தது. ஒரே கம்ப்யூட்டர் ஐந்து சுவிட்சில் ஐந்து போர்ட்டில் இருப்பதாகக் காட்டியது. அது தப்பில்லை. ஒரு கம்ப்யூட்டரின் மேக், அது போய்ச் சேரும் வழியில் உள்ள எல்லா சுவிட்சிலும் பதிவாகும். சுவிட்சையும் சுவிட்சையும் இணைக்கும் போர்ட்டுகளைக் கணக்கிலிருந்து கழித்தால்தான் அந்தக் கம்ப்யூட்டர் உண்மையில் செருகியிருக்கும் போர்ட் கிடைக்கும். எந்தெந்த போர்ட்டைக் கழிக்க வேண்டும் என்பதை எல்எல்டிபி சொல்லிவிடும். அதனால் எல்எல்டிபியை எல்லா சுவிட்சிலும் ஆன் செய்துவிட்டு அப்புறம் ஸ்கிரிப்ட் பக்கம் போங்கள். நான் தலைகீழாகச் செய்து ஒரு வாரத்தை வீணாக்கினேன்.

கழித்த பிறகு மீதி இருப்பதில்தான் எங்களுக்கு வேண்டியது கிடைத்தது. சாதாரண போர்ட்டில் ஒரு மேக் இருக்கும். ஐபி போனும் கம்ப்யூட்டரும் சேர்ந்திருந்தால் இரண்டு. எல்எல்டிபியில் பக்கத்தில் யாரும் இல்லை என்று சொல்லிக்கொண்டு, ஒரு போர்ட்டில் ஐந்தாறு மேக் இருந்தால்? அங்கே ஒன்று வைஃபை பெட்டி இருக்கிறது, இல்லையென்றால் யாரோ மாட்டிய சின்ன சுவிட்ச் இருக்கிறது. அந்தச் சின்ன சுவிட்சுக்கு ஐபி கிடையாது, எஸ்என்எம்பி கிடையாது, எந்த ஸ்கேனிலும் சிக்காது. ஆனால் தனக்குப் பின்னால் இருக்கும் சாதனங்களால் காட்டிக் கொடுக்கப்பட்டுவிடும். மூன்று இடத்திலும் சேர்த்து இப்படி 23 பெட்டிகள் தேறின. எலக்ட்ரீஷியன் அண்ணனுக்கு ஆம்பூர் பட்டியலைக் காட்டினேன். விரல் வைத்துப் படித்துக்கொண்டே வந்தவர், "இது தையல் ஹால் ஜன்னல் மேல. இது கேன்டீன். இது..." என்று நிறுத்தி, "இது நான் மாட்டினது இல்லபா" என்றார். போய்ப் பார்த்தோம். பழைய சிசிடிவி கான்ட்ராக்ட்காரர்கள் விட்டுவிட்டுப் போனது.

மேக் டேபிள் சுவிட்சில் நிரந்தரமாக இருக்காது என்பதையும் சொல்லிவிட வேண்டும். பல சுவிட்சுகளில் ஒரு சாதனம் 300 விநாடி பேசாமல் இருந்தால் அதன் பெயர் அழிந்துவிடும். தூங்கும் பிரிண்டர், இரண்டு நாளைக்கு ஒருமுறை உபயோகிக்கும் எடை மெஷின் எல்லாம் இப்படித்தான் பட்டியலில் வருவதும் போவதுமாக இருக்கும். டேபிளை எடுப்பதற்கு முன்னால் எல்லா ஐபிக்கும் ஒரு பிங் ('இருக்கிறாயா?' என்று கேட்கும் சின்னச் செய்தி) போட்டு எழுப்பிவிட்டு எடுத்தால் இந்தத் தொல்லை இல்லை. ஒரு /24 நெட்வொர்க்கில் 254 முகவரிதான், நிதானமாகப் போட்டாலும் சில நிமிஷத்தில் முடிந்துவிடும்.

பிங்கோடு நிறுத்திக்கொள்ளுங்கள் என்று கையைப் பிடித்துச் சொல்வேன். இரண்டாவது வாரம், ஒவ்வொரு சாதனமும் என்ன மாடல், என்ன வெர்ஷன் என்று தெரிந்துகொள்ள என்மேப்பை ஓடவிட்டேன். 1997 முதல் இருக்கும் அருமையான ஸ்கேன் கருவி அது. அதை எழுதியவர்கள் ஒரு விஷயத்தில் கவனமாக இருந்திருக்கிறார்கள். வெர்ஷன் பார்க்கும்போது 9100-ஆம் போர்ட்டை (இது கேபிள் செருகும் போர்ட் இல்லை, ஒரு சாதனத்துக்குள் ஒவ்வொரு சேவைக்கும் உள்ள வாசல் எண்) அது தானாகவே தவிர்த்துவிடும். ஏனென்றால் அந்த போர்ட்டில் எது வந்தாலும் அதை அச்சடிக்கும் பிரிண்டர்கள் நிறைய உண்டு. நானோ எதுவும் விட்டுப்போகக் கூடாது என்று எல்லா போர்ட்டையும் பார்க்கச் சொல்லும் ஆப்ஷனைச் சேர்த்துவிட்டேன். காலை 11 மணி, பேக்கிங் மும்முரமாக நடக்கும் நேரம். மூன்று லேபிள் பிரிண்டர்கள் புரியாத எழுத்துகளை லேபிள் லேபிளாகத் தள்ள ஆரம்பித்தன. கேட்டில் ஓர் அட்டெண்டன்ஸ் மெஷின் அப்படியே உறைந்துபோய், கரண்டை அணைத்துப் போட்ட பிறகுதான் உயிர் வந்தது.

அன்றிலிருந்து எங்களிடம் 'தொடக்கூடாதவை' என்று ஒரு பட்டியல் உண்டு. லேபிள் பிரிண்டர்கள், தோல் வெட்டும் மெஷின்களின் கன்ட்ரோலர்கள், அட்டெண்டன்ஸ் மெஷின்கள் எல்லாம் அதில் இருக்கின்றன. இவற்றை சுவிட்ச் டேபிள் வழியாக மட்டும்தான் பார்ப்போம், பிங்கைத் தவிர நேரடியாக எதுவும் அனுப்ப மாட்டோம். மற்றவற்றை ஸ்கேன் செய்வதென்றாலும் சாப்பாட்டு நேரத்தில், மெதுவாக, அந்த ஹால் சூப்பர்வைசரிடம் முன்கூட்டியே சொல்லிவிட்டு.

அட்டெண்டன்ஸ் மெஷின் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். எங்கள் ஆம்பூர் யூனிட்டில் தைப்பவர்களில் பெரும்பாலோர் பெண்கள். சுற்றியுள்ள கிராமங்களிலிருந்து கம்பெனி பஸ்ஸில் வருகிறார்கள். ஒருமுறை இரண்டு கேட்டுக்கும் புது மெஷின் வாங்கி ஒரே நாளில் மாட்டினார்கள். இரண்டும் பெட்டியிலிருந்து ஒரே ஐபியோடு வந்தவை, யாரும் மாற்றவில்லை. சர்வர் சில நேரம் ஒரு மெஷினிடமும் சில நேரம் மற்றதிடமும் பேசியது. பின்கேட் வழியாக வந்தவர்களில் பலருக்கு இரண்டு நாள் ஆப்சென்ட். வேலைக்கு வந்து, விரலும் வைத்துவிட்டு, சம்பளத்துக்காக மறுபடி ஆபீஸ் வாசலில் நின்றார்கள். அது எனக்கு மிகவும் உறுத்தியது. ஒரே ஐபிக்கு இரண்டு மேக் மாறி மாறி வருகிறது என்பது ஏஆர்பி டேபிளில் அப்பட்டமாகத் தெரியும் விஷயம். அதைக் கவனிக்கும் நாலு வரி ஸ்கிரிப்ட் இல்லாததால் வந்த வினை. இப்போது அப்படி வந்த ஐந்து நிமிஷத்துக்குள் எனக்கு மெசேஜ் வந்துவிடும். ஒரே ஒரு எச்சரிக்கைதான் வைத்துக்கொள்ள முடியும் என்றால் இதைத்தான் வைப்பேன்.

ஸ்கிரிப்டோடு ஆறு மாதம் ஓட்டிய பிறகு லிப்ரஎன்எம்எஸ் என்ற நெட்வொர்க் கண்காணிப்பு மென்பொருளைப் போட்டேன். இலவசம், ஒரு பழைய கம்ப்யூட்டரிலேயே எங்கள் அளவுக்குத் தாராளமாக ஓடுகிறது. ஒரு சுவிட்சைக் காட்டிவிட்டால் எல்எல்டிபியைப் பிடித்துக்கொண்டு பக்கத்து சுவிட்சுகளைத் தானே கண்டுபிடிக்கும். வழக்கமான அமைப்பில் 5 நிமிஷத்துக்கு ஒருமுறை நிலவரம் பார்க்கும், 6 மணி நேரத்துக்கு ஒருமுறை புதிதாக ஏதாவது வந்திருக்கிறதா என்று பார்க்கும். இதோடு சுவிட்ச் கான்ஃபிக்குகளை (அமைப்பு விவரங்களை) தினமும் எடுத்து வைக்க ஆக்ஸிடைஸ்டு, எது எங்கே இருக்க வேண்டும் என்று எழுதி வைக்க நெட்பாக்ஸ்.

நெட்பாக்ஸில் நான் பிடிவாதமாக இருக்கிறேன். ஸ்கேனில் கிடைத்ததைத் தானாக அதில் ஏற்ற மாட்டேன். அப்படி ஏற்றினால் யாரோ கொண்டுவந்து செருகிய எதுவும் மறுநாள் நம் சொத்துப் பட்டியலில் உட்கார்ந்துவிடும். நெட்பாக்ஸில் இருப்பது நாம் வைத்தது, ஸ்கேனில் வருவது இப்போது இருப்பது. இரண்டையும் ஒப்பிட்டு வித்தியாசத்தை மட்டும் காலை ஏழு மணிக்கு மெயிலாக அனுப்பச் சொல்லியிருக்கிறேன். பெரும்பாலும் நாலைந்து வரிதான் இருக்கும். டீ குடித்துக்கொண்டே பார்த்து முடித்துவிடலாம்.

ஆரம்பத்தில் அந்த மெயில் 80, 90 வரி வரும். எல்லாம் செல்போன்கள். ஆண்ட்ராய்டு 10, ஐஓஎஸ் 14 முதல் போன்கள் வைஃபைக்கு உண்மையான மேக்கைக் காட்டாமல், நெட்வொர்க்குக்கு ஒன்றாக ஒரு பொய் மேக்கை உருவாக்கிக்கொள்கின்றன. இதைப் பார்த்தவுடன் அடையாளம் காணலாம். மேக்கின் இரண்டாவது எழுத்து 2, 6, ஏ, இ இந்த நாலில் ஒன்றாக இருந்தால் அது தயாரிப்பாளர் கொடுத்த முகவரி இல்லை, உள்ளூரில் உருவாக்கியது. போன்களைத் தனி விலானுக்கு (அதே சுவிட்சுகளுக்குள் பிரித்து வைத்த தனி நெட்வொர்க்குக்கு) தள்ளி, அந்த விலானைப் பட்டியலிலிருந்து விலக்கினேன். மெயில் சுருங்கியது. மற்ற விலான்களில் இப்படியொரு மேக் தலைகாட்டினால் மட்டும் போய்ப் பார்ப்போம். சில நேரம் அது ஒரு விர்ச்சுவல் மெஷினாக இருக்கும்.

பாதுகாப்பு விஷயம் சுருக்கமாக. எங்கள் சுவிட்சுகளில் பாதிக்கு எஸ்என்எம்பி கடவுச்சொல் 'பப்ளிக்' என்றே இருந்தது, கடையிலிருந்து வந்தபடியே. சிலவற்றில் எழுதும் உரிமையும் சேர்ந்திருந்தது. முடிந்தவற்றை எஸ்என்எம்பி வெர்ஷன் 3-க்கு மாற்றினோம். வெர்ஷன் 2-க்கு மேல் தெரியாத பழசுகளை, மானிட்டரிங் சர்வரின் ஐபியிலிருந்து மட்டும் கேட்கலாம் என்று கட்டுப்படுத்தினோம். எங்குமே படிக்கும் உரிமை மட்டும்தான். அப்புறம், 2022 ஏப்ரல் 28-ல் செர்ட்-இன் (மத்திய அரசின் சைபர் பாதுகாப்பு அமைப்பு) உத்தரவு வந்தது. சைபர் சம்பவம் தெரியவந்த 6 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும், லாக்குகளை 180 நாள் வைத்திருக்க வேண்டும். போன செவ்வாய்க்கிழமை மூன்று மணிக்கு இந்த ஐபியில் இருந்தது எந்த மெஷின் என்று கேட்டால் சொல்லத் தெரிய வேண்டும். அதனால் ஒவ்வொரு ஐபி, மேக், போர்ட் சேர்க்கையையும் முதலில் பார்த்த நேரம், கடைசியாகப் பார்த்த நேரத்தோடு சேமிக்கிறோம்.

பட்டியலுக்காக ஆரம்பித்தது, நான் நினைக்காத ஒன்றையும் காட்டியது. ராணிப்பேட்டை யூனிட்டில் ஒரு சுவிட்சின் சில போர்ட்டுகளில் சிஆர்சி பிழைகள் (வழியில் சிதைந்து வந்த தகவல்களின் எண்ணிக்கை) வாராவாரம் ஏறிக்கொண்டே போவது கிராஃபில் தெரிந்தது. கேபிளை மாற்றினேன், பிழை நிற்கவில்லை. சுவிட்சைக் கழற்றி வெளிச்சத்தில் பார்த்தேன். போர்ட்டுக்குள் பொன்னிறமாக இருக்க வேண்டிய கம்பிகள் கருத்துப்போயிருந்தன. கேபிளின் செம்பும் முனையில் கருப்பு. தோலில் முடி நீக்கும் இடத்துக்கு இரண்டு சுவர் தள்ளித்தான் அந்த ரேக் இருந்தது. அங்கே சோடியம் சல்பைடு உபயோகிக்கிறார்கள். அதிலிருந்து வரும் ஹைட்ரஜன் சல்பைடு வாயு செம்பையும் வெள்ளியையும் அரிக்கும். அழுகிய முட்டை வாசனை வரும் இடத்தில் எந்த எலக்ட்ரானிக் பொருளும் நீண்ட நாள் வாழாது. மூன்று வருஷமாக சுவிட்ச் மட்டம் என்று மாற்றி மாற்றி வாங்கிக்கொண்டிருந்தோம். ரேக்கை ஆபீஸ் கட்டடத்துக்கு மாற்றி, பழைய இடத்துக்கு ஃபைபர் (கண்ணாடி இழைக் கேபிள்) மட்டும் கொண்டுபோனோம். அதற்குப் பிறகு சுவிட்ச் எதுவும் கெடவில்லை. அதே கிராஃபில் கத்திரி வெயிலில் தகர ஷெட்டுக்குள் இருக்கும் சுவிட்சின் சூடும் தெரியும். மே மாதம் மதியம் அதைப் பார்த்துவிட்டுத்தான் இரண்டு ரேக்குகளுக்கு ஃபேன் கேட்டு வாங்கினேன். கிராஃபைக் காட்டிக் கேட்டால் மேனேஜ்மென்ட்டில் மறுபேச்சு இல்லாமல் கிடைக்கிறது.

படிப்பது ஒரு வேலை, மாற்றுவது வேறு வேலை. இந்த இரண்டாவது வேலைக்கு ஒரு வருஷம் கழித்துத்தான் போனேன். அப்படியும் ஒருமுறை அடிபட்டேன். புதிதாக 30-ஆம் விலானை எல்லா சுவிட்சிலும் சேர்க்க வேண்டும். ஆன்சிபிள் (பல சாதனங்களுக்கு ஒரே நேரத்தில் கட்டளை அனுப்பும் கருவி) மூலம் அனுப்பினேன். எங்கள் சுவிட்ச் வகையில், டிரங்க் போர்ட்டில் (சுவிட்சையும் சுவிட்சையும் இணைத்துப் பல விலான்களைச் சுமக்கும் போர்ட்) அனுமதிக்கும் விலான் வரிசையோடு ஒன்றைக் கூட்டுவதற்கு 'ஆட்' என்ற சொல்லைச் சேர்க்க வேண்டும். அதை விட்டுவிட்டு 30 என்று மட்டும் கொடுத்தால், ஏற்கெனவே இருந்த எல்லாவற்றையும் நீக்கிவிட்டு 30-ஐ மட்டும் வைத்துக்கொள்ளும். அந்த ஒரு சொல் என் ஃபைலில் இல்லை. ராணிப்பேட்டை யூனிட் முழுவதும் ஒரே நொடியில் மறைந்தது. சரிசெய்ய உள்ளே போகும் வழியும் அதே டிரங்க்தான். கன்சோல் கேபிளை (நெட்வொர்க் இல்லாமலே சுவிட்சோடு நேரடியாகப் பேச உதவுவது) பையில் போட்டுக்கொண்டு ராத்திரி ஒன்பது மணிக்கு வேலூரிலிருந்து கிளம்பினேன்.

இப்போது என் வழக்கம் இது. முதலில் ஒரே ஒரு சுவிட்ச், அதுவும் நான் நடந்து போகும் தூரத்தில் இருப்பது. மாற்றத்தை அனுப்புவதற்கு முன் அந்த சுவிட்சில் 'ரீலோட் இன் 10' கொடுத்துவிடுவேன். பத்து நிமிஷத்தில் நான் அதை ரத்து செய்யாவிட்டால் அது தானே ரீஸ்டார்ட் ஆகி, சேமிக்காத மாற்றத்தை மறந்து பழைய நிலைக்கு வந்துவிடும். சரிபார்க்கும் வரை சேமிப்பது கிடையாது. ஒரு நாள் விட்டு மறுநாள் ஐந்து சுவிட்ச், அதற்கப்புறம் மீதி. டிரங்க் போர்ட்டைத் தொடும் எதையும் தூரத்திலிருந்து கூட்டமாக அனுப்புவதில்லை. லூப் வராமலிருக்க எல்லாச் சாதாரண போர்ட்டிலும் பிபிடியு கார்டும் (லூப்பைக் கண்டுபிடிக்க சுவிட்சுகள் அனுப்பும் பிபிடியு செய்தி வந்தால் அந்த போர்ட்டை மூடிவிடும்) ஸ்டார்ம் கன்ட்ரோலும் (அளவுக்கு மீறி வரும் தகவலைத் தடுக்கும்) இந்த முறையில்தான் போட்டோம். சில மலிவு சுவிட்சுகள் பிபிடியுவை விழுங்கிவிடும் என்பதால் இரண்டும் வேண்டும்.

சாதனம் எந்த போர்ட்டில் இருக்கிறது என்பதுவரை மெஷின் சொல்லும். அந்த போர்ட்டிலிருந்து போகும் ஒயர் எந்தச் சுவருக்குப் பின்னால் போகிறது, யாருக்காக, எதற்காகப் போட்டது என்பதை அதனிடம் கேட்டுப் பிரயோஜனமில்லை. அதற்காக எலக்ட்ரீஷியன் அண்ணனோடு நாலு ஞாயிற்றுக்கிழமை ஆம்பூர் யூனிட்டைச் சுற்றினேன். அவர் சொல்லச் சொல்ல நான் சுவிட்சின் லொகேஷன் இடத்தில் எழுதினேன். அவர் சொல்லும் பெயரிலேயேதான் எழுதினேன். 'வேப்பமரத்து கேட் உள்பக்கம்', 'பழைய பாய்லர் சுவர்' என்றெல்லாம் இருக்கும். ஹால் ஏ, ஹால் பி என்று எழுதினால் இங்கே யாருக்கும் தெரியாது. அவருக்கு இன்னும் இரண்டு வருஷத்தில் ரிட்டயர்மென்ட்.

போன வாரம் காலை மெயிலில் ஒரு வரி. ஆம்பூர், கட்டிங் ஹால் சுவிட்ச், போர்ட் 17, நேற்றுவரை ஒரு மேக், இன்று நாலு. அண்ணனுக்குப் போன் போட்டேன்.

"கட்டிங் ஹால்ல புதுசா பெட்டி ஏதாவது மாட்னீங்களாண்ணே?"

"ஆமா தம்பி, நேத்து ராத்திரி. சூப்பர்வைசர் அவசரம்னாரு. உனக்கு இன்னிக்குச் சொல்லலாம்னுதான் இருந்தேன். அதுக்குள்ள எப்படித் தெரிஞ்சுது?"

"எங்க மாட்டியிருக்கீங்க?"

"தூண்ல. கண்ணுக்குத் தெரியற மாதிரிதான் கீது. லேபிளும் ஒட்டிட்டேன்."

நெட்பாக்ஸைத் திறந்து, கட்டிங் ஹால், ஜன்னல் பக்கத்திலிருந்து எத்தனையாவது தூண் என்று கேட்டேன். மூன்றாவது என்றார். எழுதிக்கொண்டேன்.